மருத்துவமனை ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊர் மருத்துவமனைகளில் இந்தப் பொறுப்பை யாரும் விண்ணப்பித்துப் பெறுவதில்லை. அது தானாக வந்து சேர்கிறது. பொது மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை நிர்வாகம் அழைத்து, தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வரவிருக்கிறார்கள், ஸ்டாஃப் ஹெல்த்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தடுப்பூசிப் பதிவேடு ஒன்றையும் புறநோயாளிப் பிரிவின் கோடியில் ஓர் அறையையும் ஒப்படைத்துவிடுகிறது. அப்படிப் பொறுப்பேற்றவர்களையும் ஏற்கவிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர மருத்துவமனையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

தொழிற்சாலை மருத்துவர்களுக்கென ஏ.எஃப்.ஐ.எச். என்ற 3 மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. சென்னைத் தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்திலும் அதை நடத்துகிறார்கள். வாய்ப்பிருந்தால் படித்துவிடுங்கள். ஆனால் அந்தப் பாடத்தின் மையம் தூசியும் இரைச்சலும் ஈயமும் இயந்திரமும்தான். மருத்துவமனையில் ஆபத்து நோயாளியின் இரத்தத்திலும் மூச்சிலும் எடையிலும் இருக்கிறது. சில நாட்களில் அவருடைய உறவினரின் கோபத்திலும் இருக்கிறது. இவற்றைக் கையாளும் முறையைப் பெரும்பாலும் பணியில் இருந்துகொண்டேதான் கற்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் யாருடைய மருத்துவர்?

சம்பளம் தருவது நிர்வாகம். எதிரில் அமர்ந்திருப்பவரோ உங்கள் நோயாளி. இந்த இருவருக்கும் நடுவில் உங்கள் இடம் எது என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் பின்னால் செய்யும் எதுவும் நிற்காது. இரவுப் பணியில் ஊசி குத்திக்கொண்ட பயிற்சிச் செவிலியர் ஒருவர், வெளியே சொன்னால் வார்டு இன்சார்ஜ் திட்டுவார், எச்.ஆர். வரைக்கும் செய்தி போகும், வேலை நிரந்தரமாகாது என்று அஞ்சினால், கையைக் கழுவிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். அவர் சொல்லாமல் விட்டதை எந்த நெறிமுறையும் எந்த மருந்தும் ஈடுகட்டாது. ஆகவே இந்தப் பணியில் செய்யும் ஒவ்வோர் ஏற்பாட்டையும், இதனால் அந்தப் பெண் நம்மிடம் வருவாரா, வராமல் ஒதுங்குவாரா என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

நிர்வாகத்திடம் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. ஊழியரின் உடல்தகுதியைப் பற்றி நீங்கள் எச்.ஆருக்கு அனுப்பும் தாளில், பணிக்குத் தகுதியானவர், இன்னின்ன கட்டுப்பாடுகளுடன் தகுதியானவர், இத்தனை நாள் பணியாற்ற இயலாதவர் என்பவற்றுள் ஒன்று மட்டுமே இருக்கும். நோயின் பெயர் இருக்காது. விடுப்பு எடுத்தவர் உண்மையிலேயே நோயாளிதானா என்று துப்பறியும் வேலையை உங்களிடம் தரக் கூடாது. ஊழியரின் கோப்பு மற்ற நோயாளிகளின் கோப்புகளோடு சேரக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் கணினிப் பதிவு வந்த பிறகு மிகவும் சிக்கலாகிவிட்டது. பெயரைத் தட்டினால் போதும், ஆய்வகத்தில் இருப்பவர் முதல் பில்லிங் கவுண்டரில் இருப்பவர் வரை யார் வேண்டுமானாலும் சக ஊழியரின் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட முடியும். இரத்த மாதிரிகளைப் பெயரில்லாமல் குறியீட்டு எண்ணோடு அனுப்புங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு உங்கள் மேசையின் பூட்டிய அறைக்குள் இருக்கட்டும்.

பணியில் சேருமுன் செய்யும் இரத்தப் பரிசோதனைப் பட்டியலை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அதில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை கொடுப்பதற்கு அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்குவதைத் தடை செய்கிறது. தொற்று நேரக்கூடிய பணியிடங்களில் பாதுகாப்புச் சாதனங்களையும் தடுப்பு மருந்தையும் நிறுவனமே தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதலாவதை மறந்த நிர்வாகத்துக்கு இரண்டாவதையும் சேர்த்தே நினைவூட்டலாம்.

நடந்து பார்த்தல்

அறையில் உட்கார்ந்து ஊழியர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் மாதத்தில் மருத்துவமனை முழுவதையும் நடந்து பாருங்கள். ஒருமுறையாவது இரவு இரண்டு மணிக்குப் பாருங்கள். சலவைக்கூடம், கருவிகளைக் கிருமிநீக்கும் சி.எஸ்.எஸ்.டி., எண்டோஸ்கோப்பி அறை, சமையற்கூடம், பிணவறை, கழிவுப் பைகள் வந்து குவியும் பின்வாசல் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் யார் எதைத் தொடுகிறார்கள் என்பது விளங்கும். எச்.ஆர். தரும் பட்டியலில் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள். மஞ்சள் கழிவுப் பையைக் கட்டுகிறவர், இரத்தம் தோய்ந்த விரிப்பை உதறுகிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், வாசலில் நிற்கும் காவலர் ஆகியோர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களாக இருப்பதால் அந்தப் பட்டியலில் வருவதில்லை. மருத்துவ மாணவர்களும் கட்டாயப் பயிற்சியில் (சி.ஆர்.ஆர்.ஐ.) இருக்கும் மருத்துவர்களும் செவிலியர் கல்லூரிப் பெண்களும் அதில் இல்லை. உங்கள் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் எங்கள் பொறுப்பல்ல என்று நிர்வாகம் சொன்னால், 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைக் காட்டுங்கள். கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல்பரிசோதனை செய்ய வேண்டும், பயிற்சியும் அதேபோல் தர வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. யார் சம்பளம் தருகிறார்கள் என்பது அங்கே கேள்வியே அல்ல.

தடுப்பூசிகள்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6ஆம் மாதங்களில் போடுகிறோம். முதல் இரண்டு ஊசிகளுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். மூன்றாவதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி வேறு இடத்துக்குப் போயிருப்பார், செவிலியர் வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்க விடுப்பில் இருப்பார். அதனால் மூன்றாம் ஊசியின் தேதியை அவரவர் கைபேசியில் நினைவூட்டலாக வைத்துவிட்டு அனுப்புவதோடு, சம்பள நாளுக்கு அடுத்த நாள் வார்டுக்கே பெட்டியைக் கொண்டுபோய்ப் போடுவதுதான் பலன் தருகிறது. மூன்றாம் ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 10 அலகுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று பொருள். குறைந்தால் இன்னொரு முறை முழுத் தொடரையும் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் எதிர்ப்பொருள் எழாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லி, அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஊசி போட்டதோடு பதிவேட்டை மூடிவிடும் மருத்துவமனைகளே அதிகம். இந்த ஒரு பரிசோதனையை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால், நள்ளிரவில் ஊசி குத்திக்கொண்டவருக்கு என்ன செய்வது என்ற கேள்வியில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

சின்னம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்ப நாடுகளில் சிறுவயதில் அம்மை காணாமலே வளர்ந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அதோடு நம் வீடுகளில் அம்மை போட்டால் மருத்துவரிடம் சொல்லும் வழக்கம் குறைவு. வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும் நாள்வரை வீட்டோடு இருந்துவிட்டு, சொந்த வேலை என்று விடுப்புக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தைக் கேலி செய்யும் மருத்துவரிடம் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பணியில் சேரும்போதே, அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டு, தெரியாதவர்களுக்கு எதிர்ப்பொருள் பார்த்து, இல்லாதவர்களுக்கு 2 தவணைத் தடுப்பூசி போடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவர் அம்மை நோயாளிக்கு அருகில் பணியாற்றிவிட்டால், 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை அவரை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்று நிர்வாகத்திடம் முன்பே உறுதி வாங்கிவிடுங்கள்.

ஊசி குத்தினால்

1847இல் வியன்னாவில் யாக்கோப் கோலெட்ச்கா என்ற மருத்துவப் பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது மாணவரின் கத்தி விரலில் பட்டு, சில நாட்களில் இறந்துபோனார். பிரசவ வார்டில் தாய்மார்கள் இறக்கும் விதமும் தம் நண்பர் இறந்த விதமும் ஒன்றே என்று அவருடைய பிணப் பரிசோதனை அறிக்கையிலிருந்து, அங்கே பிரசவப் பிரிவில் பணியாற்றிய, மருத்துவர்களைக் கை கழுவ வைத்த செம்மல்வைஸ் கண்டுகொண்டார். கை கழுவும் வழக்கத்தின் வரலாற்றை நோயாளிகளின் வரலாறாகவே நாம் படிக்கிறோம். அதன் திறவுகோல் ஒரு மருத்துவமனை ஊழியரின் காயத்தில் இருந்தது.

காயம் பட்ட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிழியக் கூடாது, ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றக் கூடாது, பலர் தம்மையறியாமல் செய்வதுபோல் விரலை வாயில் வைக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீராலோ சலைனாலோ அலச வேண்டும். இதன் பிறகு அவர் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக, 24 மணி நேரமும் திறந்திருப்பதாக இருக்க வேண்டும். உங்கள் அறை மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் என்பதால், கேசுவாலிட்டி பணி மருத்துவருக்கு ஒரே பக்கத்தில் நெறிமுறை எழுதிக் கொடுத்து, முதல் வேளை மருந்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

நோய்த்தொற்று உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு, ஹெபடைடிஸ் சி 2 விழுக்காட்டுக்கும் குறைவு, எச்.ஐ.வி. சுமார் 0.3 விழுக்காடு. வருகிறவர் அஞ்சுவது மூன்றாவதற்கு. நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது முதலாவதற்கு. அவருடைய எதிர்ப்பொருள் அளவு பதிவேட்டில் 10க்குக் குறையாமல் இருந்தால் அந்தக் கவலை அங்கேயே முடிந்தது. தடுப்பூசியே போடாதவருக்கு, நோயாளியிடம் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தால், ஆயத்த எதிர்ப்பொருளான ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினை எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.06 மில்லி என்ற கணக்கில், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், தடுப்பூசியின் முதல் தவணையோடு சேர்த்து வேறு இடத்தில் போட வேண்டும். அதன் விலையை ஊழியர் தலையில் கட்டுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, 28 நாட்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பிறகு யோசிக்கலாம். தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். நம் ஊர்ச் செவிலியர்களில் பலர் இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியமோ சாப்பிடுகிறவர்கள். அவை டோலுடெக்ராவிர் உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் என்றால் இந்த மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும்; உணவோடு என்றால் சேர்த்தே சாப்பிடலாம். இதை நெறிமுறைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் ஆகியவற்றில் மறுபரிசோதனை. அதுவரை இரத்ததானம் கூடாது, ஆணுறை வேண்டும். கணவரிடமோ மனைவியிடமோ இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுக்கு மாத்திரையைவிடப் பெரிய சிக்கல். அதற்கு நேரம் ஒதுக்கிப் பேசுங்கள்.

இரத்தம் யாருடையதோ அந்த நோயாளியின் ஒப்புதலைக் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். காயம்பட்டவரே போய்க் கேட்பது முறையல்ல. வேறொரு மருத்துவர் கேட்கட்டும். நிலைமையைச் சொன்னால் மறுக்கிறவர்கள் அரிது. சலவைத் துணியிலிருந்தோ கழிவுப் பையிலிருந்தோ வந்த ஊசியென்றால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. எந்த வார்டிலிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகே காரணத்தைக் கேளுங்கள். அதையும் யார் செய்தது என்று தொடங்காமல், என்ன நடந்தது என்று தொடங்குங்கள். ஊசிக்கு மூடி போட்டது, ஊசிகளைப் போடும் வெள்ளைப் பெட்டி நிரம்பி வழிந்தது, பெட்டி படுக்கையிலிருந்து பத்தடி தள்ளி இருந்தது என்று திரும்பத் திரும்ப வருவன சில காரணங்கள்தாம். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் ஊசி குத்தியவரிடம் விளக்கக் கடிதம் கேட்கும் வழக்கம் இருந்தது. கடிதம் கேட்பதை நிறுத்தியதும் வரத் தொடங்கியவர்களைப் பார்த்துத்தான், முன்பு எத்தனை பேர் வாய்மூடி இருந்தார்கள் என்று விளங்கியது. நீங்கள் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஊசிக் காயங்களின் எண்ணிக்கை கூடினால், அதை ஏற்பாட்டின் வெற்றியாகவே நிர்வாகக் கூட்டத்தில் விளக்குங்கள். கழிவு விதிகளின் படிவம் 1இல் விபத்தைப் பதிவு செய்வதையும் மறந்துவிடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

இருமல், முதுகுவலி, மற்றவை

மருத்துவமனை ஊழியர் முறையான நோயாளி ஆவதே இல்லை. வராந்தாவில் எதிர்ப்படும் மருத்துவரிடம், ஒரு வாரமாக இருமல் சார் என்பார். அவர் நடந்துகொண்டே லெவோஃப்ளாக்சசின் என்று சொல்லிவிட்டுப் போவார். இவர் வார்டிலேயே மாத்திரையை எடுத்துக்கொள்வார். கோப்பு இல்லை, எக்ஸ்ரே இல்லை. அந்த மருந்து காசநோயை ஓரளவு அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள ஊழியர் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கட்டணமின்றி, வரிசையில் நிற்காமல் செய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, உடன் பணியாற்றும் மருத்துவர்களிடம் வராந்தா வைத்தியம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டு, காசநோய்க்கு நடுவிலேயே வாழும் நம்மவர்களில் காசநோய்த் தோல் பரிசோதனை பலருக்கும் பாசிட்டிவ் என்று காண்பிப்பதால் அதை மட்டும் நம்ப இயலாது. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால், சிகிச்சை தொடங்கிச் சுமார் 2 வாரத்தில், உடல்நிலை தேறியிருப்பதையும் சளிப் பரிசோதனையையும் பார்த்து, பணிக்குத் திரும்ப அனுமதிக்கலாம். வார்டின் சன்னலைத் திறந்து வைப்பது முகக்கவசத்துக்குச் சற்றும் குறையாத தற்காப்பு என்பதை ஏ.சி. பொருத்த வரும் பொறியாளரிடமும் சொல்லுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தவரைக் கண்ணில் நீர்வடிதல் நிற்கும்வரை நோயாளிகளிடம் விடாதீர்கள். சமையற்கூடத்தில் வயிற்றுப்போக்கு வந்தவர், அது நின்று 48 மணி நேரம் கழித்தே அடுப்பருகே வரட்டும்.

முதுகுவலி, எண்ணிக்கையில் எல்லா நோய்களையும் மிஞ்சும். ஒருவர் நோயாளியின் உடற்பாரத்தில் 16 கிலோவுக்கு மேல் தாங்கலாகாது என்ற வரம்பு 2007 முதல் அமெரிக்காவில் முன்வைக்கப்படுகிறது. எழுபது கிலோ நோயாளியை ஆயாம்மா ஒருவரும் செவிலியர் ஒருவரும் புரட்டும் வார்டில் அந்த வரம்பு என்னாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குனியாமல் தூக்குங்கள் என்று வகுப்பெடுப்பதாலும் இடுப்புப் பெல்ட் வாங்கிக் கொடுப்பதாலும் பெரிய மாற்றம் வருவதில்லை. நோயாளியை நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பும், உயரத்தை மாற்றக்கூடிய கட்டிலும், இரவுப் பணியில் கூடுதலாக ஓர் ஆளும்தான் மாற்றம் தருகின்றன.

எண்டோஸ்கோப்பி அறையில் குளுட்டரால்டிஹைடு, நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஃபார்மலின், சி.எஸ்.எஸ்.டி.யில் எத்திலீன் ஆக்சைடு என்று வேதிப்பொருள்களின் பட்டியல் நீளும். மூச்சிரைப்போ கையில் அரிப்போ உள்ளவரிடம், விடுமுறை நாட்களில் குறைகிறதா என்று கேளுங்கள். ஆம் என்ற விடை பல பரிசோதனைகளுக்குச் சமம். புற்றுநோய் மருந்து கலக்குகிறவரை மட்டும் பாதுகாத்தால் போதாது. மருந்து ஏற்றிய பின் 48 மணி நேரம்வரை நோயாளியின் சிறுநீரைக் கொட்டுகிறவருக்கும் கையுறை வேண்டும்.

கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கருவுற்றதைத் தெரிவித்த பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட். வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டையை ஈய அங்கிக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும். அங்கியோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்போது அளவு ஊழியருடையதாக இல்லாமல் சுவருடையதாகிவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கும் டி.எல்.டி. என்றே பெயர் வழங்குவதால், டி.எல்.டி. வேண்டும் என்று இரவில் தொலைபேசி வந்தால் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தாக்கப்பட்டவரும் தளர்ந்தவரும்

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டது எல்லாருக்கும் தெரியும். கேசுவாலிட்டியில் கன்னத்தில் அறை வாங்கிய செவிலியர் செய்தியாவதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு எதிராக 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. புகாரை நிறுவனத்தின் பெயரில் கொடுக்கச் செய்யுங்கள். தனியாளாக அவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். அன்றைய பணியிலிருந்து அவரை விடுவித்து, காயங்களைப் பதிவு செய்து, மறுநாளும் அடுத்த வாரமும் பாருங்கள். நடந்ததை உடனே உட்காரவைத்துச் சொல்லச் செய்வது நன்மை தருவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அவர் பேச விரும்பும்போது நீங்கள் இருந்தால் போதும்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவைப்படுகிறவரை உங்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே அனுப்பினால், தன் வார்டு நோயாளிகளோடு அதே பெஞ்சில் அவர் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே அனுப்பினாலும் போக மாட்டார். ஊருக்குள் வேறிடத்தில் பணியாற்றும் மனநல மருத்துவர் இருவரோடு முன்பே பேசி, கட்டணத்தை ஸ்டாஃப் ஹெல்த் கணக்கில், பெயரில்லாமல், மாதத்துக்கு ஒருமுறை தீர்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தொடர்ந்த இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புகிறவருக்கு, கிளம்புமுன் அரைமணி நேரம் படுக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்க்க வேண்டும்.

மாதத்தின் முதல் தேதியன்று, யாருக்கும் சொல்லாமல் இரவில் கேசுவாலிட்டிக்குப் போங்கள். தடுப்பு மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெட்டி பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.